ராகு காலமும் ரெங்கசாமியின் இடது காலும்

இருபத்திரண்டு வருஷம் ஆடுகிற படகிலிருந்து கப்பலுக்குத் தாவியே பிழைப்பு நடத்திய ரெங்கசாமி, கடலில் ஒருமுறைகூட வழுக்கி விழுந்ததில்லை. அப்படிப்பட்டவர் ஃபேரர் பார்க் பக்கம் ஒரு ஹோட்டல் மண்டபத்தில், கால் புதையும் கம்பளத்தின் மேல், பட்டு வேட்டி சட்டையோடு முழங்காலை முறித்துக்கொண்டார். இதை யாரிடமாவது சொல்ல நேர்ந்தால் "கால் கொஞ்சம் மடங்கிடுச்சு" என்பதோடு நிறுத்திக்கொள்வார். மீதியைச் சொல்லத்தான் அவர் மகள் எடுத்த வீடியோ இருக்கிறதே.

அவருடைய வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூர்க் கடலில் நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களுக்குக் கரையில் ஒரு ஏஜென்சி உண்டு. துறைமுகத்துக் காகிதங்கள், ஊர் திரும்பும் மாலுமிகளின் பாஸ்போர்ட்டுகள், சில நாள் கேப்டனின் பல்வலிக்கு மாத்திரை, இவற்றையெல்லாம் கையில் எடுத்துக்கொண்டு ஏஜென்சி ஆள் ஒருவர் விசைப்படகில் போக வேண்டும். அந்த ஆள்தான் ரெங்கசாமி. போர்டிங் ஆபீசர் என்று அடையாள அட்டையில் போட்டிருக்கும். கப்பலின் பக்கவாட்டில் ஒரு ஏணிப்படி சாய்வாகத் தொங்கும். படகு அலையில் ஏறும், இறங்கும். மேலே வந்து ஒரு நொடி நிற்கும் பாருங்கள், அந்த நொடியில் தாவிப் படியைப் பிடிக்க வேண்டும். ரெங்கசாமி கக்கத்தில் ஃபைலை இடுக்கிக்கொண்டு, பேச்சை நிறுத்தாமலே தாவுவார்.

அக்கா மகன் பிரேமுக்குக் கல்யாண வரவேற்பு. ஞாயிற்றுக்கிழமை மாலை. பெண்ணும் மாப்பிள்ளையும் மேடைக்கு வரும்போது தாய்மாமன் முன்னால் ஆடிக்கொண்டு வர வேண்டும் என்று இளசுகள் ஏற்பாடு செய்திருந்தார்கள். நாற்பத்தொன்பது வயது, தொண்ணூறு கிலோ, இதெல்லாம் அந்தப் பாட்டு ஆரம்பித்ததும் அவருக்கு மறந்துபோனது. எல்லாரும் கை தட்டினார்கள். கை தட்டினால் ரெங்கசாமி நிற்க மாட்டார். மேலே எம்பி, காற்றிலேயே பாதி சுற்றுச் சுற்றி இறங்கினார். உடம்பு சுற்றியது, இடது பாதம் கம்பளத்தில் பதிந்தது, முழங்காலுக்கு மட்டும் எந்தப் பக்கம் போவதென்று தெரியவில்லை. உள்ளே 'டப்' என்று ஒரு சத்தம்.

அந்தச் சத்தம் அவருக்கு மட்டும்தான் கேட்டது. அவர் தரையில் விழுந்து காலைப் பிடித்துக்கொண்டு உருண்டதை ஒரு முழு நிமிஷம் எல்லாரும் ஆட்டம் என்றே நினைத்தார்கள். மாப்பிள்ளையின் நண்பர்கள் இரண்டு பேர் பக்கத்தில் படுத்து அதே மாதிரி உருண்டு காட்டினார்கள். அவர் மனைவி புஷ்பலீலா, "ஐயோ, வேட்டி! வேட்டியப் பிடிங்க!" என்று அலறியது வீடியோவில் தெளிவாகக் கேட்கும். மகள் ரக்‌ஷனா அதைக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டாள். அடுத்த நாளே அது அலுவலகம் வரை போய்விட்டது. மனிதரின் மானம் கப்பலேறியது.

முழங்காலுக்குள் எலும்பைப் பிடித்து நிற்கும் லிகமென்ட் அறுந்துவிட்டது என்றார் டாக்டர். தொடையின் பின்னாலிருந்து கொஞ்சம் நாரை எடுத்து அந்த இடத்தில் வைத்துக் கட்டினார்கள். பிறகு ஒன்பது மாதம் பயிற்சி. அதுவரைக்கும் கடல் கிடையாது, அலுவலகத்தில் காகிதம் பார்க்கும் மேசைதான்.

ஆபரேஷன் முடிந்து புக்கிட் மேரா வீட்டில், பதினோராவது மாடியில், காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டு கிடந்தபோது ரெங்கசாமிக்குப் பார்க்க இரண்டே விஷயம்தான் இருந்தது. ஜன்னல் வழியாக ஒரு கீற்றுக் கடல். சமையலறைச் சுவரில் தினசரி காலண்டர். திருவாரூருக்குப் போய்வந்த மச்சான், அங்கே ஒரு பாத்திரக் கடையில் கொடுத்ததென்று கொண்டுவந்து மாட்டியது. கடலைப் பார்த்தால் வயிற்றெரிச்சல். அதனால் காலண்டரைப் பார்த்தார். மகளைக் கூப்பிட்டுப் பழைய தாள்களைத் தேடி எடுக்கச் சொல்லி, விழுந்த அன்றைக்கான தாளையும் பார்த்தார். ஞாயிறு, ராகு காலம் நாலரை முதல் ஆறு. மகளின் போனை வாங்கி வீடியோ எடுத்த நேரம் பார்த்தார். ஐந்து பத்து.

அவருக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று சொல்லி முடியாது. தொண்ணூறு கிலோ காரணமில்லை, வயசு காரணமில்லை, கை தட்டினால் குதிக்கும் புத்தி காரணமில்லை. எல்லாம் ராகு.

"லீலா, நான் விழுந்தது ராகு காலத்துல!"

"இருபத்திரண்டு வருஷம் நேரம் காலம் பாக்காம கப்பல் ஏறுனீங்களே, அப்ப ராகு எங்க போயிருந்தாரு?" என்றாள் லீலா, கஞ்சியை ஆற்றிக்கொண்டே.

"கடல்ல அவருக்கு வேலை இல்ல லா. அது வேற டிபார்ட்மென்ட்."

அன்று முதல் ரெங்கசாமி காலண்டர் பக்தராகிவிட்டார். காலையில் எழுந்து காலை நீட்டுவதற்குக்கூடத் தாளைக் கிழித்துப் பார்த்துவிட்டுத்தான் நீட்டினார்.

ஆஸ்பத்திரியில் அவருக்குப் பயிற்சி கொடுக்க வந்தவள் சுபாங்கி. இருபத்தெட்டு வயது. பிடோக்கில் வீடு. யாழ்ப்பாண வம்சம், ஆனால் தாத்தாவே சிங்கப்பூரில் பிறந்தவராம். பேச்சு நம்முடையது போலவே இருக்கும், நடுவில் திடீரென்று ஒரு 'எங்கட' வந்து விழும். முதல் நாளே ரெங்கசாமியை "அங்கிள்" என்று கூப்பிட்டு அவர் மனதைப் புண்படுத்தினாள். பதிலுக்கு அவர் "டாக்டர்" என்றார். "நான் டாக்டர் இல்ல அங்கிள், பிசியோ," என்று மறுபடியும் ஒரு அங்கிள் போட்டாள்.

முதல் ஐந்து மாதம் சொல்வதற்கு ஒன்றுமில்லை. மடித்த துண்டை முழங்காலால் அழுத்துவது, நகராத சைக்கிளை மிதிப்பது, நாற்காலியில் உட்காராமல் உட்காருவது. ரெங்கசாமி எல்லாவற்றையும் சரியாகச் செய்தார். தொடை திரண்டது, தொண்ணூறு கிலோ எண்பத்துநான்காயிற்று. ஜனவரியில் சுபாங்கி அவரை உட்காரவைத்துச் சொன்னாள்.

"அங்கிள், இனி குதிக்கிற டிரெய்னிங். உங்க வயசுல பல பேருக்கு இவ்வளவு தேவையில்ல. ஆனா உங்க வேலையே குதிக்கிற வேலை. அதனால ஃபுட்பால் பிளேயருக்குக் குடுக்கிறதத்தான் உங்களுக்கும் குடுக்கப் போறேன்."

ரெங்கசாமி மீசையைத் தடவிக்கொண்டார்.

"முதல்ல ரெண்டு கால். பிறகு ஒத்தைக் கால். கடைசியில ஒரு டெஸ்ட். வலது கால்ல எவ்வளவு தூரம் குதிக்கிறீங்களோ, அதுல தொண்ணூறு பர்சென்ட் இடது கால்லயும் குதிக்கணும். அப்பத்தான் டாக்டர் லெட்டர்ல சைன் வைப்பாரு."

அந்தக் கடிதத்தில்தான் எல்லாம் இருந்தது. மேனேஜர் திலீப் அதற்கு முந்தின வாரமே கூப்பிட்டுப் பேசியிருந்தான். நல்ல பையன்தான், ஆனால் சட்டம் சட்டம் என்பான். ஏப்ரல் மாதக் கடைசிக்குள் கடிதம் வந்தால் மே முதல் படகு. வராவிட்டால் ரெங்கசாமிக்கு நிரந்தரமாக மேசை. "சேலரி குறையாது அண்ணே," என்றான் திலீப் ஆறுதலாக. அவர் அப்போது ஜன்னல் இல்லாத அந்த அறையையும், தன் முதுகுக்கென்று வாங்கிப் போட்டிருந்த சுழல் நாற்காலியையும் பார்த்தார். அதில் இன்னும் பதினைந்து வருஷம் சுழல வேண்டும் என்று கணக்குப் போட்டார்.

பயிற்சிக்குச் சுபாங்கி கொடுத்த நேரம் வெள்ளிக்கிழமை பதினொரு மணி. வீட்டுக்கு வந்து காலண்டரைப் பார்த்தால், வெள்ளி, ராகு காலம் பத்தரை முதல் பன்னிரண்டு. துண்டை அழுத்துவதை எந்த நேரத்திலும் செய்துவிடலாம். குதிப்பது என்றால்? குதித்துத்தானே இந்தக் கதி! அவர் உடனே போன் போட்டார்.

"பதினொரு மணிக்கு ஆபீஸ்ல மீட்டிங்மா. பன்னண்டுக்கு மாத்த முடியுமா?"

"பன்னண்டு என்ட லஞ்ச் டைம்," என்று யோசித்தாள் சுபாங்கி. "சரி, பரவால்ல அங்கிள். உங்களுக்கு மீட்டிங் என்றா என்ன செய்யிறது. நான் ரெண்டு மணிக்குப் பிறகு சாப்பிடுறன்."

இப்படியாக ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் உச்சி நேரத்தில் ரெங்கசாமி குதித்தார். முதலில் நின்ற இடத்தில். பிறகு ஒரு சாண் உயரப் பெட்டியிலிருந்து கீழே. பிறகு தரையிலிருந்து பெட்டி மேலே. இறங்கும்போது சத்தம் வரக் கூடாது என்பாள் சுபாங்கி. முழங்கால் உள்பக்கம் சாயக் கூடாது, இடுப்பு பின்னால் போக வேண்டும், பூனை மாதிரி இறங்க வேண்டும். ரெங்கசாமி ஆரம்பத்தில் அரிசி மூட்டை மாதிரித்தான் இறங்கினார்.

வீட்டிலும் பயிற்சி உண்டு. மூன்றாம் நாள் கீழ்வீட்டு மேடம் லிம் மாடியேறி வந்துவிட்டார். ராத்திரி வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவர். லீலா காலைக் காட்டி, கப்பலைக் காட்டி, கைகளால் அலையைக் காட்டி விளக்கினாள். மேடம் லிம்முக்குப் புரிந்தது. அதற்கப்புறம் அவரே பரீட்சை அதிகாரியாகிவிட்டார். லிஃப்டில் பார்த்தால், "டுடே நாட் குட், டூ டைம் டமால்!" என்பார். அவர் என்றைக்குப் பெருவிரலைத் தூக்கிக் காட்டி, "டுடே ஐ ஸ்லீப்," என்றாரோ, அன்றைக்கு ரெங்கசாமிக்குச் சுபாங்கி சொல்லாமலே தான் தேறிவிட்டது தெரிந்தது.

எல்லாம் ரெண்டு காலோடு சரி. மார்ச் மாதம் ஒற்றைக்கால் வந்தது. சுவர்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு இடது காலில் சின்னச் சின்னதாகக் குதிப்பார். நன்றாகவே குதிப்பார். "இப்ப கம்பிய விட்டுட்டு முன்னால ஒண்ணு," என்பாள் சுபாங்கி. அங்கேதான் வண்டி நிற்கும்.

முதல் வாரம் அஷ்டமி. சுபாங்கியிடம் வயிறு சரியில்லை என்றார். அடுத்த வாரம் அவர் ராசிக்குச் சந்திராஷ்டமம். தலை சுற்றுகிறது என்றார். அதற்கடுத்த வாரம் காலண்டர் கையை விரித்துவிட்டது, எந்தப் பழுதும் இல்லாத நாள். ஷூவில் கல் மாட்டிக்கொண்டதாகச் சொல்லி இருபது நிமிஷம் ஷூவைக் கழற்றித் தட்டினார். பிறகு வேறு வழியில்லாமல் கம்பியை விட்டு, இடது காலால் எம்பி, காற்றிலேயே காலை மாற்றி, வலது காலில் இறங்கி நின்றார்.

"நல்லா இருந்துச்சு அங்கிள்," என்றாள் சுபாங்கி. "ஆனா நான் கேட்டது மற்றக் கால்."

ஏப்ரல் நழுவிக்கொண்டே போனது. அலுவலகத்தில் திலீப் ஒருநாள் சாதாரணமாக வந்து, மேசைக்கு ஒரு பூச்செடி வேண்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்று ரெங்கசாமி அவசரமாகத் தலையாட்டினார். அந்த வாரமே சுபாங்கியிடமிருந்து தகவல் வந்தது. டெஸ்ட் கடைசி வெள்ளிக்கிழமை. தூரம் அளக்கிற அறை பதினொரு மணிக்குத்தான் காலியாக இருக்கிறது. டாக்டரும் பன்னிரண்டு வரைதான் இருப்பார். அதை விட்டால் மே மாத நடுவில்தான்.

ரெங்கசாமி போனார். சரியாகப் பத்து ஐம்பதுக்குப் போய் உட்கார்ந்தார். மனதுக்குள் ஒரு திட்டம் இருந்தது. எப்படியாவது பேச்சுக் கொடுத்துப் பன்னிரண்டு வரை இழுத்துவிட வேண்டும். சுபாங்கியின் அப்பா எப்படியிருக்கிறார், பிடோக்கில் நல்ல லக்சா நூடுல்ஸ் எங்கே கிடைக்கும் என்றெல்லாம் கேட்டார். சுபாங்கி பதில் சொல்லிக்கொண்டே தரையில் அளவு நாடாவை விரித்தாள்.

"வாங்க அங்கிள், வலது கால் முதல்ல."

"கொஞ்சம் பொறுத்துக் குதிக்கலாமா? பன்னண்டு அடிக்கட்டுமே."

"டாக்டர் போயிடுவாரு. ஏன் அங்கிள், இன்னைக்கும் மீட்டிங்கா?"

அவள் முகத்தில் கேலி இல்லை, உண்மையிலேயே கேட்டாள். மூன்றரை மாதம் சாப்பாட்டைத் தள்ளிப்போட்ட பெண்ணிடம் இன்னும் ஒரு பொய் சொல்ல ரெங்கசாமிக்கு வாய் வரவில்லை.

"மீட்டிங்லாம் ஒண்ணும் இல்லம்மா. எப்பவுமே இருந்ததில்ல," என்றார். "இது ராகு காலம். பத்தரைலேருந்து பன்னண்டு. நான் விழுந்ததே ராகு காலத்துல. அதான்."

சுபாங்கி நாடாவைக் கீழே வைத்தாள். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, "வெள்ளிக்கிழமையா? பத்தரையா?" என்றாள். "எங்கட அம்மா அப்படிச் சொல்ல மாட்டாவே. அம்மா இதெல்லாம் பாக்காம தலைக்கு எண்ணெயே வைக்க மாட்டா. எந்தக் காலண்டர் பாக்கிறீங்க?"

"திருவாரூர் காலண்டர். பாத்திரக் கடை."

"அங்கிள்!" அவள் சட்டென்று எழுந்தாள். "அது அங்கத்த நேரம். அங்க சூரியன் ஆறு மணிக்கு வரும். இங்க ஏழு மணிக்கு. ராகு காலம் சூரியன் உதிக்கிறதிலேருந்துதானே கணக்கு?"

ரெங்கசாமிக்கு முதலில் விளங்கவில்லை. இருபத்திரண்டு வருஷம் ஏழு மணிக்கு விடிவதைத் துறைமுகத்தில் நின்று பார்த்த மனிதர்தான். அது தினமும் கண் முன்னால் நடந்தது, காலண்டர் சுவரில் தொங்கியது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க அவருக்குத் தோன்றவே இல்லை. சுபாங்கி அவருடைய பயிற்சித் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டினாள். பகல் பன்னிரண்டு மணி நேரத்தை எட்டாகப் பிரித்தாள். வெள்ளிக்கு எத்தனையாவது பங்கு என்று அம்மாவுக்கு மெசேஜ் போட்டுக் கேட்டாள். பதில் அரை நிமிஷத்தில் வந்தது. கமலாம்பிகை அம்மாள் இந்த விஷயத்தில் யாரையும் காக்க வைக்க மாட்டார் போலிருக்கிறது.

"பதினொன்றரைலேருந்து ஒரு மணி," என்றாள் சுபாங்கி.

"அப்படின்னா…"

"நீங்க ஜனவரிலேருந்து எப்ப குதிச்சீங்க?"

"பன்னண்டு மணிக்கு," என்றார் ரெங்கசாமி மெல்ல.

"முழுக்க ராகு காலம். ஒரு வாரம்கூடத் தப்பல்ல." அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அதோடு கோபமும் வந்துவிட்டது. "நீங்க ராகு காலத்துல குதிக்கோணும் எண்டதுக்காக நான் மூணரை மாசம் பட்டினி கிடந்திருக்கிறன்!"

ரெங்கசாமி முகத்தில் அசடு வழிந்தது. ஆனால் அதைவிடப் பெரிய சந்தேகம் ஒன்று உள்ளே முளைத்தது. கேட்காமலிருந்திருக்கலாம். கேட்டுவிட்டார்.

"ஞாயித்துக்கிழமை எப்பம்மா?"

"அஞ்சரைலேருந்து ஏழு."

விழுந்தது ஐந்து பத்துக்கு. அந்த நேரத்தில் ராகு பக்கத்தில்கூட இல்லை. இன்னும் இருபது நிமிஷம் கழித்துத்தான் வருவதாக இருந்தார். ஒன்பது மாதமாகத் தலையில் தூக்கி வைத்து ஆடிய காரணம் இப்படி நொடியில் போய்விட்டது. மிஞ்சியது தொண்ணூறு கிலோவும், கைதட்டலும், அவரும்தான்.

"சரி விடு," என்று சொல்லிப் பார்த்தார். "எப்படியும் இன்னைக்குச் சூலம்…"

"அங்கிள்." சுபாங்கி அவர் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தாள். குரல் இறங்கியிருந்தது. "பயமா இருக்கா?"

"பயமா? எனக்கா? பத்தடி அலையில…" என்று ஆரம்பித்தவர், அதை முடிக்கவில்லை. கண்ணாடிச் சுவருக்கு அப்பால் ஒரு பள்ளிக்கூடப் பெண் இடது காலில் ஐந்தாறு தடவை குதித்துக்கொண்டு போனாள். அவளும் முழங்காலில் கட்டுப் போட்டவள்தான்.

"ஆமாம்மா," என்றார் ரெங்கசாமி. "ரொம்பப் பயமா இருக்கு. வலிக்கு இல்ல. அந்தச் சத்தம் இருக்கே, இன்னும் காதுலயே இருக்கு. ஆட்டத்துல விழுந்தேன், சிரிச்சாங்க, போச்சு. படகுக்கும் கப்பலுக்கும் நடுவுல இந்தக் கால் அப்படி ஒரு தரம் செஞ்சா மேல வர முடியாதும்மா. இருபத்திரண்டு வருஷம் அது எனக்குத் தோணவே இல்ல. இப்ப கண்ண மூடினா அதான் வருது. லீலாகிட்டகூடச் சொல்லல."

சொல்லிவிட்டு அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை மாதத்தில் அந்தக் காலைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்த முதல் உண்மை அதுதான். சொன்ன பிறகு நெஞ்சு லேசாகும் என்பார்கள். அவருக்கு அப்படியொன்றும் ஆகவில்லை, வெட்கமாகத்தான் இருந்தது.

சுபாங்கி உபதேசம் எதுவும் செய்யவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"இப்ப பதினொன்னு எட்டு. ராகு காலம் தொடங்க இன்னும் இருபத்திரண்டு நிமிஷம் இருக்கு. உங்கட கணக்குப்படியே இது நல்ல நேரம். பயத்தோடயே குதிங்க, நான் பக்கத்துல நிக்கிறன்."

ரெங்கசாமி யோசித்துப் பார்த்தார். தப்பிக்க ஒரு சந்துகூட இல்லை. ஜனவரியில் இவள் கொடுத்த பதினொரு மணியை அப்படியே ஒத்துக்கொண்டு, முதல் அரை மணியிலேயே குதித்து முடித்திருந்தால் இந்நேரம் ராகுவுக்கும் தனக்கும் ஒரு தகராறும் இருந்திருக்காது என்று நினைத்தபோது, தன்னையே ஓங்கி ஒரு அறை விட வேண்டும் போலிருந்தது.

எழுந்தார். வலது காலில் மூன்று தடவை குதித்தார். அதில் அதிகம் நூற்றிருபத்தெட்டு சென்டிமீட்டர். இடது காலுக்கு நூற்றுப் பதினாறு வேண்டும்.

முதல் தடவை எண்பத்து நாலு. விழவில்லை என்பதுதான் ஒரே நல்ல செய்தி. இறங்கியதும் குனிந்து முழங்காலைப் பார்த்தார், அது அங்கேயே இருக்கிறதா என்பதுபோல. சத்தம் எதுவும் வரவில்லை. இரண்டாவது நூற்று ஒன்பது. அதில் கை இரண்டையும் காற்றாடி மாதிரி சுற்றி, சுபாங்கியின் தோளை ஒரு தட்டுத் தட்டிவிட்டார். "சாரிம்மா," என்றார். "அடுத்ததுக்குத் தள்ளி நிக்கிறன்," என்றாள் அவள்.

மூன்றாவதற்கு நின்றபோது கால் நடுங்கியது. நிஜமாகவே நடுங்கியது. இரண்டு பேருமே அதைப் பார்த்தார்கள். ரெங்கசாமி பல்லைக் கடித்துக்கொண்டு எம்பினார். இறங்கிய இடத்தில் அப்படியே நின்றார். சுபாங்கி முழங்கால் போட்டு உட்கார்ந்து நாடாவைப் பார்த்தாள். இரண்டாவது தடவை பார்த்தாள்.

"நூற்றுப் பதினேழு."

ரெங்கசாமி ஒற்றைக் காலிலேயே நின்றுகொண்டிருந்தார். காலை ஊன்றலாம் என்று அவள் சொன்ன பிறகுதான் ஊன்றினார். டாக்டர் பதினொன்றே முக்காலுக்குக் கையெழுத்துப் போட்டார். நேரத்தை யாரும் பார்க்கவில்லை. அடுத்த அரை மணியில் ரெங்கசாமி கீழே ஓடிப்போய், நிஜமாகவே ஓடிப்போய், ஒரு கோழி பிரியாணிப் பொட்டலமும் இஞ்சி போட்ட தே ஆலியாவும் வாங்கிவந்து சுபாங்கியின் மேசையில் வைத்தார். "இன்னைக்காவது நேரத்துக்குச் சாப்பிடும்மா," என்றார்.

மே மாதம் முதல் வாரம், ஒரு புதன்கிழமை. காலையில் லீலா சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். அவளிடம் அந்தப் பயத்தையும் இதற்குள் சொல்லியிருந்தார். கேட்டுவிட்டு அவள் ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. மறுநாள், "சொல்லியிருந்தா நானும் கூடச் சேர்ந்து பயந்திருப்பேன்ல," என்றாள். அது கோபமா அன்பா என்று ரெங்கசாமியால் இன்றுவரை தீர்மானிக்க முடியவில்லை. அன்று காலை அவள் வாசல் வரை வந்தாள். "ஆடாம போயிட்டு வாங்க," என்றாள்.

மெரினா சவுத் துறையில் விசைப்படகோடு முபாரக் காத்திருந்தார். அறுபது வயது, முப்பது வருஷமாகப் படகு ஓட்டுகிறவர், தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேச மாட்டார். "வா ரெங்கா," என்று மட்டும் சொல்லி இன்ஜினைக் கிளப்பினார். வீடியோவைப் பற்றி அவர் ஒன்றும் கேட்காதது ரெங்கசாமிக்குப் பெரிய உபகாரமாக இருந்தது. கால் மணி நேரம் ஓட்டிய பிறகு, கடலைப் பார்த்துக்கொண்டே, "நல்லாத்தான் ஆடுன," என்றார் முபாரக்.

கப்பல் பெரியது. சுமை ஏற்றாமல் உயரமாக நின்றது. அதன் பக்கத்துச் சுவர் மேலே போய்க்கொண்டே இருந்தது. ஏணியின் கடைசிப் படி தண்ணீருக்கு மேல் ஓர் ஆள் உயரத்தில் தொங்கியது. காற்று கிளம்பியிருந்தது. முபாரக் படகைப் பக்கத்தில் கொண்டுபோய் அணைத்தார். படகு ஏறியது, இறங்கியது. நடுவில் கறுப்பாகத் தண்ணீர் வாயைத் திறந்து திறந்து மூடியது. ரெங்கசாமி ஃபைலைப் பைக்குள் போட்டுத் தோளில் மாட்டினார். பழைய மாதிரி கக்கத்தில் இடுக்கவில்லை. படகின் முன்பக்கத்தில் போய் நின்றார்.

முதல் அலை வந்தது. படகு மேலே போய் ஒரு நொடி நின்றது. ரெங்கசாமி போகவில்லை.

இரண்டாவது அலைக்கும் போகவில்லை. மேலே ஏணித் தலைப்பில் நின்ற மாலுமி எட்டிப் பார்த்தான். இடுப்பைப் பின்னால் தள்ளு, முழங்கால் உள்ளே சாயாமல் பார், எந்தக் காலில் எம்புவது, வலதா, இடதா, வலதில் எம்பினால் இடதில் இறங்க வேண்டுமே, இடதில் எம்பினால்… மூன்றாவது அலையும் போய்விட்டது. முபாரக் இன்ஜினைக் கொஞ்சம் கூட்டி, படகை இன்னும் நெருக்கமாக அழுத்திப் பிடித்தார்.

அப்போது முபாரக்குக்குப் பின்னாலிருந்து, எங்கோ தூரத்தில் போன பெரிய கப்பலின் அலை வந்து படகை மொத்தமாகத் தூக்கியது. ஏணிப்படி சட்டென்று நெஞ்சுக்கு நேராக வந்தது. "ஹோய்!" என்றார் முபாரக்.

அடுத்து ரெங்கசாமிக்குத் தெரிந்தது, கையில் ஏணிக் கயிறு இருந்தது. காலடியில் படி இருந்தது. படகு ஓர் ஆள் உயரத்துக்குக் கீழே இறங்கிப் போயிருந்தது. அவர் நான்கு படி ஏறி, ஐந்தாவது படியில் நின்றுவிட்டார். இடது முழங்காலைக் கையால் தொட்டுப் பார்த்தார். வலது முழங்காலையும் தொட்டுப் பார்த்தார். இரண்டும் ஒன்று போலவே இருந்தன.

"பாய்!" என்று கீழே பார்த்துக் கத்தினார். "நான் எந்தக் கால்ல குதிச்சேன்?"

முபாரக் படகை விலக்கிக்கொண்டிருந்தார். காற்றுக்கு மேலே குரல் வந்தது. "நான் அலையப் பாத்துக்கிட்டிருந்தேன் லா! உன் கால எவன் பாத்தான்?"

ரெங்கசாமி யோசித்துப் பார்த்தார். இடதா, வலதா? எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. பத்து மாதமாகத் தூக்கத்தில்கூட அந்தக் காலை மறக்காமல் கிடந்த மனிதருக்கு, மறந்துபோனது இப்போதுதான். சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கிவிட்டது. மேலேயிருந்த மாலுமி, உதவிக்கு வரவா என்று சைகையால் கேட்டான். ரெங்கசாமி வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு, மீதிப் படிகளை ஏறத் தொடங்கினார்.